மூலமும் உரையும்: திரையில் வரும் இயேசுவும் வேதத்தின் சாட்சியும்

1905-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவி ஒன்றையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. அவர் கூடாரம் அடித்து ஊர் ஊராக அதைக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து பம்பாயில் தாதாசாகேப் பால்கே கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம் மனக்கண்ணில் கண்ணனும் இராமனும் தோன்றியதாகப் பின்னாளில் அவரே எழுதினார். அந்தத் தூண்டுதலில் பிறந்ததுதான் 1913-இல் வெளிவந்த ராஜா ஹரிச்சந்திரா. நம் நாட்டுக்குள் சினிமா நுழைந்தபோதே இயேசுவின் கதையும் அதனோடு சேர்ந்து நுழைந்துவிட்டது. எனவே இன்று நாம் பேச வந்திருப்பது தொலைக்காட்சியும் கைபேசியும் வந்த பிறகு முளைத்த கேள்வி அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகள் தீர்வு காணாமல் சுமந்துவரும் கேள்வி இது: விசுவாசத்துக்கு வேதம் ஒன்றே போதும் என்று சொல்லுகிற கிறிஸ்தவர்கள், வேதத்தைக் காட்சியாக்கித் தரும் படங்களை என்ன கணக்கில் வைப்பது?

இரண்டு பதில்கள் வழக்கமாக வருகின்றன. படம் என்பது நற்செய்தி அறிவிக்கும் கருவி, அதனால் எத்தனையோ பேர் மனம் திரும்பியிருக்கிறார்கள், குறை சொல்லாதீர்கள் என்பது ஒன்று. கிறிஸ்துவின் சாயலில் ஒரு நடிகரை நிறுத்துவதே, உருவம் செய்து வணங்காதே என்ற இரண்டாம் கட்டளையை மீறுவது, அதைப் பார்ப்பதும் பாவம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் படத்தின் இயல்பைக் கேட்காமலே தீர்ப்புக்குப் போய்விடுகின்றன. படம் வேதமும் அல்ல, விக்கிரகமும் அல்ல. அது ஓர் உரை என்பது என் கருத்து. நம் மொழியில் மூலம், உரை என்று ஒரு பாகுபாடு உண்டு. திருக்குறள் மூலம், பரிமேலழகர் எழுதியது உரை. அச்சுப் புத்தகத்தில் குறள் பெரிய எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் இருப்பதைப் பள்ளிப் பிள்ளையும் கண்டிருக்கும். பரிமேலழகர் தம் காலத்து வடநூல் மரபைக் குறளுக்குள் ஏற்றிவிட்டார் என்று பிற்காலத்தார் அவரோடு வாதிட முடிந்தது. குறள் உரையில் கரையாமல் தனியே நின்றதால்தான் அது முடிந்தது. திரைப்படம் என்ற உரையிலோ மூலமும் உரையும் ஒரே எழுத்தில், ஒரே குரலில், ஒரே முகத்தில் வருகின்றன. கோடு எங்கே என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் நிற்கிறது.

இதற்குச் சான்றாக ஒரு படத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 25, சாம்பல் புதன் அன்று மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' வெளியானது. ஆங்கிலம் இல்லை. அராமிக், எபிரேயம், இலத்தீன் மொழிகளில் நடிகர்கள் பேசினார்கள். ஏறக்குறைய 3 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அமெரிக்காவில் வேதம் மட்டுமே என்பதை அடையாளமாகக் கொண்ட எவாஞ்சலிக்கல் சபைகள் திரையரங்குகளை மொத்தமாகப் பதிவு செய்து மக்களை அழைத்துச் சென்றன. நற்செய்தி நூல்களில் உள்ளபடியே எடுத்த படம் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் அந்தப் படத்தின் கணிசமான பகுதி நற்செய்தி நூல்களில் இல்லாதது. கைது செய்யப்பட்ட இயேசு சங்கிலியோடு பாலத்திலிருந்து கீழே தள்ளப்படுவதும், பிலாத்துவின் மனைவி மரியாளிடம் வெள்ளைத் துணிகளைக் கொண்டுவந்து கொடுப்பதும் ஜெர்மனியைச் சேர்ந்த ஆன் கேத்தரின் எமரிக் என்ற துறவியின் காட்சிகளிலிருந்து வந்தவை. அவர் 1824-இல் இறந்தார். அவர் கண்டதாகச் சொன்னவற்றைக் கவிஞர் கிளெமென்ஸ் பிரென்டானோ எழுதி 1833-இல் வெளியிட்டார். திரும்பத் திரும்பச் சிலுவையோடு விழுவதும், முகம் துடைக்கும் பெண்ணும் கத்தோலிக்கர்களின் சிலுவைப்பாதை மரபிலிருந்து வந்தவை. கத்தோலிக்கருக்கு இதில் முரண் இல்லை. வேதத்தோடு திருச்சபையின் மரபையும் ஏற்பவர்கள் அவர்கள். தங்கள் மரபுக்கு உண்மையாகவே அந்தப் படம் நிற்கிறது. கேள்வி மற்றவர்களுக்குத்தான். ஒரு போதகர் எமரிக்கின் நூலைக் கையில் எடுத்துக்கொண்டு பிரசங்க பீடத்தில் ஏறியிருந்தால் அந்தச் சபைகள் அவரை ஒரு ஞாயிறுகூடப் பொறுத்திருக்குமா? அதே நூல் படமாக வந்தபோது அது வேதமாகவே தெரிந்தது. அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. உரை தன்னை உரையென்று காட்டிக்கொள்ளாத ஊடகத்தில் எவருக்கும் இது நேரும்.

அதே படத்தில் இன்னோர் இடம். இயேசுவை வாரினால் அடிக்கும் காட்சி பல நிமிடங்கள் நீள்கிறது. சதை கிழிவதை ஒவ்வோர் அடியாகக் காட்டுகிறார்கள். மாற்கும் மத்தேயுவும் இதை எப்படிச் சொல்கிறார்கள்? கிரேக்க மூலத்தில் ஒரே சொல். நம் இலக்கணப்படி சொன்னால் ஒரு வினையெச்சம், அவ்வளவுதான். முற்றுவினையாகக்கூட அது நிற்கவில்லை. அடித்து, பிறகு ஒப்புக்கொடுத்தான் என்று வாக்கியம் கடந்து போகிறது. யோவான் ஒரு சிறு வசனத்தில் முடிக்கிறார். லூக்கா, பிலாத்து தண்டித்து விடுவிப்பதாகச் சொன்னதைக் குறிப்பிடுகிறாரே தவிர அடித்த காட்சியை எழுதவே இல்லை. சிலுவையில் அறையும் இடத்துக்கு வந்தால் இன்னும் வியப்பு. நான்கு நற்செய்தியாளரும் அறைந்தார்கள் என்ற செய்தியை மட்டும் தருகிறார்கள். அந்த இடத்தில் எவரும் ஆணி என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. ஆணிகள் இருந்தன என்பதை உயிர்த்தெழுதலுக்குப் பிறகு, யோவான் 20-ஆம் அதிகாரத்தில், தோமா சந்தேகப்படும்போதுதான் கேள்விப்படுகிறோம். ரோமச் சிலுவை எப்படிப்பட்டது என்பது அன்றைய வாசகர்களுக்குத் தெரியும், அதனால் விவரிக்கவில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. சரியான விளக்கம்தான். ஆனால் முழு விளக்கம் அல்ல. எழுத்தாளர்கள் வேறொன்றில் கண்ணாக இருந்தார்கள். உடைகளுக்குச் சீட்டுப் போட்டது, கடந்து போனவர்கள் தலையை அசைத்தது, இயேசு கதறிய சொல் ஆகிய விவரங்களை அவர்கள் விடவில்லை. ஏனென்றால் அவை 22-ஆம் சங்கீதத்தோடு பொருந்துகிற விவரங்கள். அவர்கள் காட்ட விரும்பியது வேதனையின் அளவை அல்ல, அது யாருக்காக என்பதை.

இதைக் கேமராவால் காட்ட முடியுமா? இரத்தத்தைக் காட்டலாம். அந்த இரத்தம் பிறருடைய மீறுதலுக்காகச் சிந்தப்பட்டது என்பதை எந்தக் காட்சியாலும் காட்ட முடியாது. கிப்சனுக்கும் இது தெரிந்திருந்தது. அதனால்தான் படம் தொடங்குமுன் ஏசாயா 53-ஆம் அதிகாரத்தின் வசனத்தைத் திரையில் எழுத்தாகவே போட்டார். இரண்டு மணி நேரக் காட்சிகளுக்குப் பொருள் தருவதற்கு அவர் எழுத்திடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. இந்த ஒரு செய்கையே, படத்துக்கும் வேதத்துக்கும் உள்ள உறவைப் பல நூல்களைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது என்று நினைக்கிறேன். லூக்கா 23-ஆம் அதிகாரத்தில், சிலுவையின் பின்னே அழுதுகொண்டு வந்த எருசலேம் பெண்களிடம் தமக்காக அழ வேண்டாம் என்று இயேசு சொல்கிறார். அவருடைய துன்பத்தைக் கண்டு வரும் கண்ணீரை அவர் இழிவுபடுத்தவில்லை. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது என்று அந்தக் கண்ணீரைத் திருப்பிவிட்டார்.

இப்போது வேதம் மட்டுமே என்ற கொள்கையின் பக்கம் வருவோம். அதைச் சொல்பவர்களே பல நேரம் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள் வேதத்தைத் தவிர வேறு எதையும் தொடாதே என்று சொல்லவில்லை. இறுதித் தீர்ப்பு வேதத்திடம் இருக்கட்டும், மற்றெல்லாம் அதன் முன்னே நின்று கணக்குக் கொடுக்கட்டும் என்றார்கள். மார்ட்டின் லூத்தர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு லூக்காஸ் கிரனாக்கின் பட்டறையில் செதுக்கிய மரச்செதுக்குப் படங்கள் இருந்தன. அதே ஆண்டு, விட்டன்பெர்க்கில் லூத்தரோடு பணியாற்றிய கார்ல்ஸ்டாட் படங்களை அகற்றச் சொல்லி எழுதியபோது லூத்தர் எதிர்த்தார். கிறிஸ்துவின் பாடுகளைக் காதால் கேட்கும்போது மனத்தில் ஓர் உருவம் தானாக எழுகிறது, உள்ளத்தில் இருப்பது பாவம் அல்ல என்றால் கண்ணுக்கு முன் இருப்பது எப்படிப் பாவமாகும் என்பது 1525-இல் அவர் வைத்த வாதம். எதிர்ப்பக்கமும் வலுவானது. மனித உள்ளம் ஓயாமல் விக்கிரகங்களைச் செய்யும் பட்டறை என்ற பொருளில் கால்வின் எழுதினார். 1640-களில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை, தன் 109-ஆம் பதிலில், திரித்துவத்தின் எந்த ஒருவரையும் வெளியே மட்டுமல்ல, மனத்துக்குள்ளும் உருவகிக்கக் கூடாது என்றது. நம் காலத்தில் ஜே. ஐ. பாக்கர் 1973-இல் வெளியிட்ட 'நோயிங் காட்' நூலில் கிறிஸ்துவின் படங்களைப் பற்றி ஏறக்குறைய இதே எச்சரிக்கையைக் கொடுத்தார்.

இந்த இரண்டாம் கட்டளை வாதத்தை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். உபாகமம் 4-ஆம் அதிகாரம் அதற்குக் கொடுக்கும் காரணம் ஆழமானது: ஓரேபில் மக்கள் சத்தத்தைக் கேட்டார்கள், உருவம் எதையும் காணவில்லை. ஆனால் அதே வேதத்தில் கேருபீன்கள் வைத்த உடன்படிக்கைப் பெட்டி இருக்கிறது, மோசே உயர்த்திய வெண்கல சர்ப்பம் இருக்கிறது. சர்ப்பத்தைச் செய்யச் சொன்னது கடவுள். அதற்குத் தூபம் காட்டியபோது அதை உடைத்தவன் எசேக்கியா ராஜா, அதற்காக அவன் புகழப்படுகிறான். கட்டளை உருவத்தைவிட வணக்கத்தையே குறிவைக்கிறது என்பதற்கு 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தைவிட வேறு சான்று தேவையில்லை. மேலும் வார்த்தை மாம்சமானார் என்று நம்புகிறவர்கள், அந்த மாம்சத்தைக் கண்ணால் கண்டவர்கள் இருந்தார்கள் என்பதையும் நம்புகிறார்கள். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் இந்த அடிப்படையில்தான் படங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆகவே ஒரு நடிகர் இயேசுவாக நிற்பதாலேயே அது விக்கிரகம் ஆகிவிடாது. ஆனால் அந்த நடிகரின் புகைப்படம் சட்டம் போட்டு ஜெப அறைச் சுவரில் ஏறும்போது எசேக்கியாவை நினைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. 1977-இல் பிராங்கோ ஜெஃபிரெல்லி எடுத்த தொடரில் இயேசுவாக நடித்த ராபர்ட் பவலின் முகம் பக்திப் படமாக உலகெங்கும் சுற்றிவந்தது. இந்த அச்சத்தைத் தொடக்க காலத் திரையுலகமே உணர்ந்திருந்தது. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் வேலையைத் தொடங்கியபோது அதனிடம் இருந்த விதிகள் இரண்டே; அவற்றில் ஒன்று கிறிஸ்துவை நடிகர் உருவில் காட்டக் கூடாது என்பது. 1959-இன் பென்-ஹர் படத்தில்கூட அவருடைய முகத்தை நாம் பார்ப்பதில்லை. தாகத்தோடு விழுந்து கிடப்பவனுக்குத் தண்ணீர் தரும் கையையும், நிமிர்ந்து நிற்கும் முதுகையும் மட்டும் பார்க்கிறோம். அந்தக் காட்சி இன்றும் மற்றப் படங்களைவிட மேலாக நிற்பதற்கு அந்த அடக்கமே காரணம்.

என்னைக் கேட்டால், உருவத்தைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சபைகளில் பேசக் கேட்பது அரிது. கடவுள் திருச்சபைக்கு ஒரு நற்செய்தி நூலைத் தரவில்லை, நான்கைத் தந்தார். 2-ஆம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நான்கையும் ஒன்றாகப் பின்னி, தியாத்தெசரோன் என்று ஒரே தொடர்கதை செய்தார். படிக்க வசதியான நூல். சிரிய மொழி பேசிய சபைகள் தலைமுறை தலைமுறையாக ஆராதனையில் அதையே வாசித்தன. 5-ஆம் நூற்றாண்டில் கீரு நகரத்தின் ஆயராக இருந்த தியோடரேத், தம் பகுதியில் 200-க்கு மேற்பட்ட பிரதிகளைக் கண்டு அவற்றை அகற்றி, நான்கு தனித்தனி நற்செய்தி நூல்களை வைத்தார். இலகுவான ஒன்றை விட்டுச் சிக்கலான நான்கைத் திருச்சபை தேர்ந்துகொண்டது. ஏன்? ஒவ்வொரு சாட்சியும் தன் குரலை இழக்கக் கூடாது என்பதற்காக. இன்று வரும் இயேசு படங்களில் பெரும்பாலானவை தியாத்தெசரோன்கள்தான். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நற்செய்தி நூலிலும் ஏழும் இல்லை. மத்தேயுவிலும் மாற்கிலும் ஒரே வார்த்தை, கைவிடப்பட்டவரின் கதறல். லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று. மாற்கை மட்டும் தனியாக வாசித்தால் அந்த ஒற்றைக் கதறலும் பிறகு வார்த்தையற்ற ஒரு சத்தமும் தவிர வேறெதுவும் இல்லை. ஆறுதல் சொல்லும் ஒரு சொல் இல்லை. அந்த வெறுமையைத்தான் மாற்கு நமக்குக் கொடுக்க நினைத்தார். ஏழையும் வரிசையாகப் பேசும் படத்தில் அந்த வெறுமை நிரம்பிப்போகிறது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் நம் சபைகளும் ஏழையும் ஒன்றாகத் தியானிக்கின்றன; அது நல்ல வழக்கமே. ஆனால் அங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் இது இன்ன நூல், இன்ன அதிகாரம் என்று வாசிக்கிறார்கள். அந்த ஒரு வரி அறிவிப்பு போதும், மூலம் காக்கப்படுகிறது.

இதே வகையில் உரை மூலத்தை விழுங்கிய கதைகள் சினிமாவுக்கு முன்பே உண்டு. குழந்தை இயேசுவைக் காண வந்த சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை. அவர்கள் வந்து சேர்ந்த இடத்தை அவர் வீடு என்கிறார். ஆனாலும் நம் கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்கள் தொழுவத்தில் நிற்கிறார்கள். மகதலேனா மரியாள் விபச்சாரி என்று எந்த நற்செய்தி நூலும் சொல்லவில்லை. ஏழு பிசாசுகள் நீங்கப்பெற்றவள் என்றுதான் லூக்கா சொல்கிறார். 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் மகதலேனாவையும், பாவியான பெண் உட்பட வேறு இரண்டு பெண்களையும் ஒருவராக இணைத்தார். 1969-இல் கத்தோலிக்க நாட்காட்டித் திருத்தம் அந்த இணைப்பைப் பிரித்துவிட்டது. ஆனால் திரை பிரிக்கவில்லை. 1927-இல் செசில் பி. டிமில் எடுத்த 'கிங் ஆஃப் கிங்ஸ்' யூதாஸைக் காதலனாகக் கொண்ட ஓர் ஆடம்பரக் கணிகையாக மகதலேனாவைக் காட்டித்தான் தொடங்குகிறது. கிப்சனின் படமும் கல்லெறியப்பட இருந்த பெண்ணை அவளாகவே காட்டுகிறது. உயிர்த்தெழுதலின் முதல் சாட்சியாக வேதம் நிறுத்திய ஒரு பெண்ணின் மேல் ஆதாரமில்லாத பழியைச் சுமத்துவது சிறிய தவறு அல்ல. இன்னும் கொடிய உதாரணம் மத்தேயு 27-இல், இரத்தப்பழியைக் கூட்டத்தார் தங்கள் மேல் ஏற்கும் வசனம். ஜெர்மனியின் ஓபராமர்காவ் கிராமத்தில் 1634 முதல் நடந்துவரும் பாடுகளின் நாடகத்தில் அந்த வசனத்தை எப்படி மேடையேற்றினார்கள் என்பது யூத வெறுப்போடு பின்னிய வரலாறு. 1934-இல் ஹிட்லரே அதை வந்து பார்த்தார். கிப்சனின் படத்தில் அந்த வசனம் அராமிக்கில் ஒலிக்கிறது, அதன் மொழிபெயர்ப்பு மட்டும் திரையில் இல்லை. எழுத்தில் ஒரு வசனமாக இருப்பது, ஆவேசமான முகங்களின் நெருக்கக் காட்சியாக மாறும்போது ஓர் இனத்தின் மேல் தீர்ப்பாக மாறிவிடுகிறது.

இங்கே மூன்று மறுப்புகள் எழும். முதலாவது: எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன வழி? இது கிரகோரியின் கேள்வியே. மார்சேய் ஆயர் செரேனுஸ் படங்களை உடைத்தபோது, ஏறக்குறைய 600-ஆம் ஆண்டில், எழுத்தறியாதவர் படத்தில் வாசிக்கிறார்கள் என்று கிரகோரி அவருக்கு எழுதினார். 1979-இல் வெளியான 'ஜீசஸ்' படம் லூக்கா நற்செய்தியை மட்டும் பின்பற்றி எடுக்கப்பட்டது. இன்று தமிழ் உட்பட 2,000-க்கும் மேற்பட்ட மொழிகளில் குரல் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1978-இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் தெலுங்கில் வந்த கருணாமயுடு பல இந்திய மொழிகளில் கிராமத்துத் திறந்தவெளிகளில் காட்டப்பட்டது. இவற்றால் பலர் இயேசுவின் பெயரை முதன்முதலாகக் கேட்டார்கள் என்பதை மறுக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் எழுத்தறியாமைக்குத் திருச்சபை கொடுத்த பதில் படம் ஒன்று மட்டும் அல்ல. 1563-இன் ஹைடல்பர்க் வினாவிடை, படங்கள் பாமரரின் புத்தகம் என்ற வாதத்தை ஏற்காமல், உயிருள்ள பிரசங்கத்தால் மக்களுக்குக் கற்பிக்கச் சொன்னது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க் தமிழ் கற்றார், பள்ளிகள் நடத்தினார், 1714-15-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். மேலும் வேதம் பெரும்பாலான காலம் படிக்கப்பட்டதைவிடக் கேட்கப்பட்ட நூல். நெகேமியா 8-இல் எஸ்றா வாசிக்க மக்கள் நின்று கேட்டார்கள். எழுத்தறியாதவருக்குக் காது இருக்கிறது. ஒலி வடிவில் வேதம் கைபேசிக்குள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் இந்த மறுப்பு பழைய வலுவோடு நிற்காது.

இரண்டாவது மறுப்பு: பிரசங்கியும் சேர்த்துத்தானே சொல்கிறார், காவியக்காரரும் சேர்த்துத்தானே பாடினார்? தேம்பாவணியில் வீரமாமுனிவர், ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆக்ரேதா மரியாளின் காட்சிகளைத் தழுவி, 3,615 பாடல்களில் வளனாரின் வாழ்வைப் பாடினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். அவற்றையும் தள்ளிவிடுவதா? தள்ள வேண்டாம். விருத்தம் தன்னை விருத்தம் என்று ஒவ்வோர் அடியிலும் சொல்லிக்கொண்டே போகிறது. குறத்தி மேடைக்கு வந்து குறி சொல்லும்போது இது லூக்காவில் எங்கே இருக்கிறது என்று எவரும் தேட மாட்டார்கள். ஆக்கியவரின் கை வெளிப்படையாகத் தெரிகிறது. பிரசங்கியார் பேசும்போது நம் மடியில் வேதம் திறந்திருக்கிறது. பெரோயா பட்டணத்தார் பவுலையே அப்படித்தான் சோதித்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களை மெச்சுகிறது. படம் ஓடும்போது அரங்கம் இருட்டாக இருக்கிறது. புத்தகத்தைத் திறக்க வெளிச்சம் இல்லை, நிறுத்திக் கேட்க நேரமும் இல்லை. இதை உணர்ந்தவர்கள் திரைத்துறையிலும் உண்டு. 2019 முதல் டாலஸ் ஜென்கின்ஸ் இயக்கிவரும் 'தி சோசன்' தொடர், தொடக்கத்திலேயே, கற்பனை சேர்த்திருக்கிறோம், நற்செய்தி நூல்களைப் படியுங்கள் என்று எழுத்தில் அறிவித்தது. நேர்மையான செயல். ஆனாலும் சில நொடி நிற்கும் அறிவிப்பு, பல மணி நேரம் பழகிய முகத்தோடு போட்டியிட முடியாது. ஆயக்காரன் மத்தேயுவைப் பற்றி அவன் பெயரால் வழங்கும் நூல் ஒரே வசனத்தில் சொல்கிறது: அழைத்தார், எழுந்து பின்சென்றான். தொடரில் அவன் ஆட்டிசம் உள்ளவர்களின் இயல்புகளோடு, கணக்கிலும் ஒழுங்கிலும் மூழ்கிய இளைஞனாக வருகிறான். அன்பான கற்பனைதான். ஆனால் அதைப் பார்த்தவர் மறுநாள் மத்தேயு 9:9-ஐ வாசிக்கும்போது அந்த இளைஞனைத் தவிர வேறு மத்தேயுவை நினைக்க முடிகிறதா?

மூன்றாவது மறுப்பு: வசனத்துக்கு வசனம் மாறாமல் எடுத்துவிட்டால்? பியர் பாவ்லோ பசோலினி 1964-இல் அதைச் செய்தார். கம்யூனிஸ்ட், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். உரையாடலை ஏறக்குறைய முழுவதும் மத்தேயுவிலிருந்தே எடுத்துக்கொண்டு, தென் இத்தாலியின் ஏழைக் கிராமங்களில், தொழில்முறை நடிகர்கள் இல்லாமல் எடுத்தார். என் பார்வையில் இயேசு படங்களிலேயே மிக உயர்ந்தது அது. ஆனால் அதுவும் உரைதான். தம் மகளுக்காகக் கெஞ்சிய கானானியப் பெண்ணிடம் பிள்ளைகளின் அப்பத்தைப் பற்றியும் நாய்க்குட்டிகளைப் பற்றியும் இயேசு சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது? சோதித்தாரா, மனம் நொந்தாரா, கண்ணில் ஒரு சிரிப்பு இருந்ததா? மத்தேயு சொல்லவில்லை. இருபது நூற்றாண்டுகளாக வாசகர்கள் அந்த மௌனத்தின் முன்னே நின்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காட்சியில் நடிக்க முன்வரும் எந்த நடிகரும் ஒரு முகபாவத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்த நொடியில் மௌனம் முடிந்துபோகிறது. வேதத்தின் சொற்களை மட்டுமல்ல, அது பேசாமல் விட்ட இடங்களையும் சேர்த்துத்தான் வேதம் என்கிறோம் என்பதை வேதம் மட்டுமே என்பவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு படத்தால் என்ன பயன் என்று கேட்டால், நல்ல உரைக்கு உள்ள பயன் உண்டு. நம் மனத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் தவறான உரையை அது கலைக்கும். நாட்காட்டிகளில் வரும் பொன்னிறத் தலைமுடியும் நீலக் கண்ணும் கொண்ட ஐரோப்பிய இயேசுவும் ஓர் உரைதான், மிக மோசமான உரை. பசோலினியின் இயேசு வேகமாக நடந்துகொண்டே, திரும்பித் திரும்பிச் சீடர்களிடம் கடுமையாகப் பேசுகிறார். மலைப்பிரசங்கம் அமைதியான அறிவுரை என்று நினைத்தவரை அது உலுக்கிவிடும். 2006-இல் தென்னாப்பிரிக்காவில் எடுத்த 'சன் ஆஃப் மேன்' படத்தில் கறுப்பின இயேசு கோசா மொழியில் பேசுகிறார். ஏரோதின் கொலைகள் நம் காலத்துச் செய்தியாக நெஞ்சில் அறைகின்றன. குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள் என்பது மரபு. உரைகள் பல இருந்ததால் எதுவும் குறளின் இடத்தைப் பிடிக்கவில்லை. சபைகள் ஒரே படத்தை ஆண்டுதோறும் போடுவதைவிட, ஒன்றோடொன்று மாறுபடும் இரண்டு படங்களின் ஒரே காட்சியை அடுத்தடுத்துக் காட்டி, பிறகு வசனத்தை வாசித்து, இது எங்கே இருக்கிறது, இது எங்கே இல்லை என்று இளைஞர்களைத் தேட வைக்கலாம். அப்படிச் செய்தால் படமே அவர்களை மூலத்திடம் கொண்டுபோய் விடும். பிரசங்கத்துக்குப் பதிலாகப் படத்தை ஆராதனையில் ஓடவிடுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உரை நிற்க வேண்டிய இடம் வேறு.

லூக்கா 16-இல் நரகத்தில் கிடந்த ஐசுவரியவான் தன் சகோதரருக்கு ஒரு காட்சியைக் கேட்கிறான்: மரித்தவன் ஒருவன் எழுந்து போனால் நம்புவார்கள் என்கிறான். மோசேயும் தீர்க்கதரிசிகளும் அவர்களுக்கு இருக்கிறார்கள், அவர்களைக் கேட்கட்டும் என்பதே ஆபிரகாமின் பதில். காட்சியைவிடச் சொல்லைத் தாழ்வாக எண்ணும் மனநிலைக்கு இயேசு தாமே கொடுத்த விடை இது. வருகிற பெரிய வெள்ளியன்று உங்கள் சபையில் படம் காட்டுவதாக இருந்தால் காட்டுங்கள். ஆனால் விளக்கை அணைப்பதற்கு முன், மாற்கு 14, 15 அதிகாரங்களை ஒருவர் எழுந்து நின்று இடைநிறுத்தாமல் உரக்க வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். இரண்டிலும் சேர்த்து 119 வசனங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.